வீட்டுக் கணினிக்கும் கைபேசிக்கும் ஆன்டிவைரஸ்: கடையில் தினமும் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஆன்டிவைரஸ் பெட்டியும் விற்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் கூட்டம் இருக்கும்போது பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, இரவில் அதை நினைத்து வருந்தியிருக்கிறேன். அதனால்தான் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, முழுப் பதிலையும் இங்கே வைக்கிறேன்.

ஆன்டிவைரஸ்னா உள்ள உக்காந்து என்னதான் செய்யுது?

பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்தப் பட்டியல் தினமும் பல முறை புதுப்பிக்கப்படும். பட்டியலில் இல்லாத புது வைரஸும் வருமே, அதற்காக நடத்தையையும் கவனிக்கிறது. ஏதோ ஒரு நிரல் திடீரென்று உங்கள் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றி எழுத ஆரம்பித்தால், பெயர் தெரியாவிட்டாலும் நிறுத்திவிடப் பார்க்கும். சந்தேகம் தீராத ஃபைலைப் பற்றி நிறுவனத்தின் சர்வரிடமும் கேட்கும். நெட் இல்லாத கணினியில் அதன் பலம் குறைவதற்குக் காரணம் இதுதான்.

நீங்களே ஓடிபி சொன்னால், நீங்களே "அனுமதி" என்று அழுத்தினால், அதைத் தடுக்க இதனால் பெரும்பாலும் முடியாது. இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் அந்த இடத்தில் வந்துதான் நிற்கும்.

விண்டோஸ்லயே ஒண்ணு இருக்காமே, அது போதுமா அண்ணாச்சி?

வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலானவர்களுக்குப் போதும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே முழு ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. இப்போது அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ் சோதனைக்கூடங்களில் மிகவும் பின்தங்கித்தான் இருந்தது. "விண்டோஸ்ல இருக்கது வேஸ்ட்" என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்த நினைவில் சொல்கிறார்கள். பத்தாண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. கட்டணம் வாங்கும் பெயர் பெற்ற ஆன்டிவைரஸ்களோடு இப்போது அதுவும் வரிசையில் நிற்கிறது.

என் அம்மா பயன்படுத்தும் லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது. கடையில் பெட்டி அடுக்கி வைத்திருக்கும் நானே வேறு எதையும் போடவில்லை.

அது ஓடிக்கிட்டுதான் இருக்கான்னு எப்படிப் பாக்க?

திரையின் கீழே, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னக் கேடயம் ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் விண்டோஸ் செக்யூரிட்டி வரும். எல்லாம் பச்சை டிக் என்றால் சரி. சிவப்போ மஞ்சளோ இருந்தால் என்ன குறை என்று அங்கேயே எழுதியிருக்கும்.

புது லேப்டாப் வாங்கும்போது ஏதாவது ஒரு நிறுவனத்தின் சோதனைப் பதிப்பு கூடவே வரும். அதன் காலம் முடிந்த பிறகும் பலர் அப்படியே வைத்திருக்கிறார்கள். அது "புதுப்பி, புதுப்பி" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பாதுகாப்பு யார் கையில் இருக்கிறது என்பதே குழப்பமாகிவிடும். பணம் கட்டப் போவதில்லை என்றால் முழுவதுமாக அன்இன்ஸ்டால் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

அப்ப காசு குடுத்து வாங்குறது வீணா?

வீண் என்று சொல்லமாட்டேன். வீட்டில் நாலைந்து கணினி இருந்து எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டுமானால், பிள்ளைகள் பார்க்கும் தளங்களைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், சிக்கல் வந்தால் ஃபோன் செய்து கேட்க ஆள் வேண்டுமானால், அதற்குப் பணம் கொடுப்பதில் தப்பில்லை. டேலி வைத்துக் கணக்குப் பார்க்கும் கடைக்காரர்களிடம் நானே வாங்கச் சொல்வதுண்டு.

பெட்டியில் விபிஎன், கணினியை வேகமாக்கும் கருவி, கிளீனர் என்று எழுதியிருப்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், புதுப்பிக்கும்போது பல நிறுவனங்களின் விலை கூடுதல். ஆன்லைனில் கார்டு போட்டு வாங்கினால் ஆட்டோ ரினியூவலை அன்றே நிறுத்திவிடுங்கள். பிடித்தம் செய்வதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கியிலிருந்து தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிட்டு, பணம் போன பிறகு கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் கம்பெனி நல்லது? ஒரே பேரா சொல்லுங்க.

ஒரே பெயர் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஆண்டு முன்பின் மாறும். ஜெர்மனியில் மாக்டெபுர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக்கிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் இதையே தொழிலாகச் செய்யும் சோதனைக்கூடங்கள். முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்டில் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, நல்ல ஃபைலைத் தவறாகப் பிடிக்காமல் இருப்பது உள்ளிட்ட பயன்பாட்டுக்கு 6, ஆக 18 மதிப்பெண். ஒரே மாதத்தைப் பார்க்காமல் கடைசி மூன்று நான்கு சோதனைகளைப் பாருங்கள். தொடர்ந்து மேலேயே நிற்பது எதுவானாலும் நல்லதுதான்.

நம் ஊர் நிறுவனம் வேண்டும் என்றால் சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவை. கடையில் வாங்கும்போது சுரண்டி எடுக்கும் கீ பெட்டிக்குள் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு அனுப்பும் கீயை வாங்காதீர்கள், பாதியில் முடங்கும்.

ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் பாதுகாப்புதானே?

இல்லை. ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுக்கும், கணினி திணறும். ஒன்று பிடித்துப் பூட்டி வைத்த வைரஸை மற்றது புது வைரஸ் என்று அலறும். எப்போதும் காவலுக்கு ஒன்று போதும். டிஃபெண்டர் இருக்கும்போது வேறு ஒன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிவிடும், அது கோளாறு அல்ல.

ஆன்டிவைரஸ் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிருமா?

கொஞ்சம் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் நன்றாகவே தெரியும். அதற்காக அதை நிறுத்தாதீர்கள். அதே பணத்தில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றுங்கள்.

ஜெராக்ஸ் கடைல பென் டிரைவ் போட்டேன், இப்ப எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா மாறிட்டு. எல்லாம் போச்சா?

பெரும்பாலும் எதுவும் போகவில்லை. இந்த வைரஸ் உங்கள் உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் ஒன்றை வைக்கும். நீங்கள் அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மையான ஃபோல்டரையே திறந்து காட்டும். எல்லாம் திறக்கிறதே என்று உங்களுக்குச் சந்தேகமே வராது. அதற்குள் அது உங்கள் கணினியில் ஏறி, அடுத்துச் செருகும் பென் டிரைவுக்குக் காத்திருக்கும்.

ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். வைரஸ் போனபிறகும் ஃபோல்டர்கள் மறைந்தே இருக்கும், மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி அமைத்து வெளியே எடுக்கலாம். விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் போல மறைத்திருந்தால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், தெரிந்தவரிடம் கொடுங்கள். எடுத்து முடித்ததும் பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிராஜெக்டின் ஒரே பிரதியைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு பிரின்ட் எடுக்கப் போகாதீர்கள். பிரின்டுக்கு வேண்டிய பிடிஎஃப் ஒன்றை மட்டும் கொண்டுபோங்கள், அல்லது கடைக்காரரின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வைவாவுக்கு முந்தின நாள் அழுதுகொண்டு வரும் பிள்ளையைப் பார்ப்பது எனக்குப் பெரிய வேதனை.

ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு ஆன்டிவைரஸ் ஆப் போடணுமா?

பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் ஆப் போடுகிறவருக்குத் தேவையில்லை. 2017 முதல் கூகுள் பிளே புரொடெக்ட் ஃபோனிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து போட்ட ஆப்களையும் அது பார்க்கும். பிளே ஸ்டோரைத் திறந்து உங்கள் படத்தைத் தொட்டால் அது தெரியும், ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆன்டிவைரஸ் ஆப்புக்கும் அதே விதிதான். கணினியில் அதற்கு உள்ள அதிகாரம் ஃபோனில் கிடையாது.

போடத்தான் வேண்டும் என்றால் பெயர் தெரியாத ஆப்பைப் போடாதீர்கள். 2014-இல் பிளே ஸ்டோரில் வைரஸ் ஷீல்டு என்று ஒரு ஆப் 3.99 டாலருக்கு விற்றது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். தொட்டால் படம் மாறும், வேறு எதுவும் செய்யாது. 2019-இல் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் ஆப்களை எடுத்துச் சோதித்தது. கெட்ட ஆப்களில் நூற்றுக்கு முப்பதையாவது பிடித்து, நல்ல ஆப்பைத் தவறாகப் பிடிக்காமலும் இருந்தவை 80 மட்டுமே.

ஐபோன், மேக் வச்சிருக்கவங்களுக்கு?

ஐபோனில் ஆன்டிவைரஸ் என்ற பெயரில் வரும் ஆப்கள் மற்ற ஆப்களைச் சோதிக்கவே முடியாது, ஆப்பிள் அனுமதிப்பதில்லை. வேண்டாம். மேக்கில் எக்ஸ்புரொடெக்ட் என்ற பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. மேக்குக்கு வைரஸே வராது என்பது மட்டும் தவறு. காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்துப் பரப்பும் கிராக் மென்பொருளில் மேக்குக்கும் வரும்.

"உங்கள் ஃபோனில் 13 வைரஸ்கள்"னு சிவப்பா வந்துட்டே இருக்கு. நெசமா?

பொய். ஏதோ ஒரு இணையதளம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா" என்று கேட்டபோது "சரி" என்று அழுத்தியிருப்பீர்கள். அதன்வழியாக வரும் விளம்பரம் அது. குரோம் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களையெல்லாம் நீக்குங்கள், நின்றுவிடும்.

கணினியில் திரை முழுவதும் சைரன் சத்தத்தோடு ஒரு எண்ணைக் காட்டி "உடனே மைக்ரோசாஃப்டை அழையுங்கள்" என்று வந்தாலும் அதுவும் பொய்தான். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் ஃபோன் எண் இருக்காது. அழைத்தால் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி உங்கள் திரையையே அவர்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள். எனிடெஸ்க் நல்ல மென்பொருள், அதனால் ஆன்டிவைரஸ் தடுக்காது. பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைனு வந்துது, தொட்டேன், என்னமோ இன்ஸ்டால் ஆயிட்டு. இப்ப என்ன செய்ய?

உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கேஒய்சி, மின்கட்டணம் என்று வேடம் மாறும். உள்ளே இருப்பது ஒரே வகை ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றும் ஃபைல். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வங்கி அனுப்பும் ஓடிபியைத் திருடனுக்கு அனுப்பும். அனுப்பியவர் உங்கள் சித்தப்பாவாகவே இருக்கலாம். அவர் ஃபோன் முதலில் மாட்டியிருக்கும், அவர் பேரில் அதுவே எல்லோருக்கும் போயிருக்கும்.

வேறொரு ஃபோனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். திருடன் பணத்தைக் கணக்கு மாற்றி எடுப்பதற்குள் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து, மறுநாள் சொல்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஏமாந்தது உங்கள் குற்றமில்லை, தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

பிறகு ஃபோன். அந்த ஆப்பை நீக்குங்கள். நீக்க விடவில்லை என்றால் ஃபோன் அமைப்புகளில் அக்சஸபிலிட்டி, டிவைஸ் அட்மின் ஆகிய இரண்டு இடத்திலும் அதன் அனுமதியை எடுத்துவிட்டு நீக்க வேண்டும். ##002# டயல் செய்தால், அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போகும்படி வைத்திருந்தால் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். இவ்வளவு செய்தாலும் என் மனம் ஆறாது. போட்டோக்களை எடுத்து வைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்து, அதன் பிறகே வங்கி ஆப்பைத் திரும்பப் போடச் சொல்வேன்.

விண்டோஸ் 10தான் இருக்கு. நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டு ஓட்டிக்கலாம்லா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான அப்டேட், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். பட்டியல் என்பது வாசலில் நிற்கும் காவலாள், விண்டோஸின் ஓட்டை என்பது சுவரில் விழுந்த பொத்தல். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியபோது, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள்.

வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை பேக்கப் செய்தால் பணம் கட்டாமலே கிடைக்கும், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். அதற்குள் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். ஏறாத பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். படம் பார்க்க, கடிதம் அடிக்க, பிள்ளைகள் படிக்க அது தாராளம்.

ஃப்ரீ ஆன்டிவைரஸ் நம்ம தகவலை விக்குமாமே?

நடந்திருக்கிறது. அவாஸ்ட் நிறுவனம், தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் அது அம்பலமானதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. பாதுகாப்புக்காக வைத்த ஆளே வீட்டு ரகசியத்தை விற்ற கதை அது. இரண்டாவது கேள்வியில் சொன்னபடி டிஃபெண்டர் இருக்கும்போது, இலவசத்துக்காக இன்னொன்றைத் தேடிப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

காஸ்பர்ஸ்கியை அமெரிக்கால தடை பண்ணிட்டாங்களே, என் சிஸ்டத்துல அதான் இருக்கு. எடுத்துரவா?

2024 ஜூனில் அமெரிக்கா தடை அறிவித்தது, செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் நிறுத்தப்பட்டது. அது ரஷ்ய நிறுவனம், ரஷ்ய அரசு கட்டாயப்படுத்தினால் மறுக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நிறுவனம் அதை மறுக்கிறது. வைரஸ் பிடிக்கும் திறமையில் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆன்டிவைரஸுக்கு உங்கள் கணினியில் எல்லா ஃபைலையும் பார்க்கும் அதிகாரம் இருக்கிறது. அதனால் நம்பிக்கை என்பது இங்கே பெரிய விஷயம். கட்டிய பணத்துக்குக் காலம் முடியும்வரை வீட்டில் ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. மனதில் உறுத்தல் இருந்தால் புதுப்பிக்காதீர்கள்.

ஃபைலெல்லாம் திறக்க மாட்டேங்கு, பேருக்குப் பின்னால வேற என்னமோ இருக்கு, டாலர் கேக்கான். ஆன்டிவைரஸ் இருந்துச்சே?

இதுதான் ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் வைரஸ். இந்தக் கேள்வியோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா என்ன இன்ஸ்டால் செஞ்சீங்க?" என்றுதான். பலமுறை பதில் ஏதோ ஒரு கிராக். கிராக்கோடு வரும் குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்" என்பதாக இருக்கும். ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர், எட்டு வருடக் கல்யாண ஆல்பங்களை ஒரே கணினியில் வைத்திருந்தார். பணம் கட்டிய ஆன்டிவைரஸ் இருந்தது. எடிட்டிங் மென்பொருளின் கிராக்குக்காகப் பத்து நிமிடம் அணைத்தார். மறுநாள் காலை ஒரு படமும் இல்லை. அவர் கடையில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நெட்டை உடனே துண்டியுங்கள். செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றுங்கள். ஃபார்மேட் செய்ய அவசரப்படாதீர்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், பூட்டப்பட்ட ஒரு ஃபைலைக் கொடுத்தால் எந்த வகை, இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். கிராக்கில் அதிகம் வரும் ஸ்டாப் என்ற ரான்சம்வேர் வகையில், வைரஸுக்கு நெட் தொடர்பு கிடைக்காமல் பலருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டியிருந்தால் மட்டும் திறக்க வாய்ப்புண்டு. இன்று சாவி இல்லாவிட்டாலும் ஃபைல்களை ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், பிறகு வரலாம். பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் சாவி வரும் என்று எந்த உறுதியும் இல்லை.

மாட்டுவதற்கு முன்னால் இதைப் படிக்கிறவர்கள் இன்றே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். படங்களை நகல் எடுத்துவிட்டுக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். ஆன்டிவைரஸ் வாங்க வருகிறவரிடம், அந்தப் பணத்தை இதற்குப் போடுங்கள் என்று பலமுறை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நல்ல ஃபைலையே வைரஸ்ங்குது. எதை நம்ப?

தவறிப் பிடிப்பதும் உண்டு. சின்ன நிறுவனங்கள் எழுதிய பில்லிங் மென்பொருளில் இது அடிக்கடி வரும். கூகுளுக்குச் சொந்தமான வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த ஃபைலை ஏற்றினால், ஐம்பதுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் வரும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் மென்பொருள் எழுதியவரிடம் கேளுங்கள். இருபது முப்பது சொன்னால் அழித்துவிடுங்கள். கிராக்காக இருந்தால், எத்தனை சொன்னாலும் சொல்லாவிட்டாலும், முந்தின பதிலைப் படியுங்கள்.

அங்கே ஏற்றும் ஃபைலைப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் பலரும் எடுத்துப் பார்க்க முடியும். ஆதார், பத்திரம், வருமான வரிக் கணக்கு போன்ற சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள். அப்படிப்பட்ட ஃபைலில் சந்தேகம் வந்தால், அனுப்பியவருக்கு ஒரு ஃபோன் போட்டு "நீங்கதான் அனுப்புனீங்களா?" என்று கேளுங்கள்.